ஐம்பத்தெட்டு காட்டிய மோதிரம்

பேய், ஆவி, செய்வினை இதிலெல்லாம் எழுபத்து மூன்று வயதுவரை எனக்கு அரைக்கால் சதவீத நம்பிக்கைகூட இருந்ததில்லை. ஒரு மோட்டார் பம்பு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அளவுக்குள் வந்தால் பாஸ், வராவிட்டால் திருப்பி அனுப்பு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். இது ராத்திரியிலும் நடக்கவில்லை. பங்குனி வெயிலில், காலை பதினொன்று நாற்பதுக்கு, என்னையும் சேர்த்து ஏழு பேர் இருந்த இடத்தில் நடந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, கிழவனுக்கு வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தாலும் சரி. என் மனைவி சரோஜாவிடம் சொன்னால் இரண்டாவதைத்தான் நினைப்பாள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன், படித்து முடித்ததும் போய்க் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகன் ஆஸ்திரேலியாவில் ஒரு கடற்கரை நகரத்தில் இருக்கிறான். அங்கே ஞாயிற்றுக்கிழமையானால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து, குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரங்களைத் தேடிக் கொடுப்பதைப் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்களாம். டாக்டர் என்னைத் தினமும் ஆறாயிரம் அடி நடக்கச் சொன்னதும், சும்மா நடந்தால் அப்பாவுக்குச் சலித்துவிடும் என்று ஊருக்கு வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டு, கைப்பிடியருகே சின்னத் திரை. வட்டைத் தரையை ஒட்டி வீசிக்கொண்டே போனால் உலோகம் கிடக்கும் இடத்தில் கூவும், திரையில் ஓர் எண் விழும். ஆணிக்குப் பத்துக்குள், பாட்டில் மூடிக்கு முப்பதுக்கு மேல், தடித்த தங்க மோதிரத்துக்கு ஐம்பதுக்கு மேல், நாணயத்துக்கு எழுபதுக்கு மேல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

கோயமுத்தூரில் கடலுக்கு எங்கே போவது, குளங்கள்தான். உக்கடம் பெரியகுளத்துக் கரை நடைபாதையில் ஆரம்பித்தேன். கம்பியில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிற புதுமணத் தம்பதிகள் மோதிரத்தைக் கழற்றி மாட்டி விளையாடி நழுவவிடுவார்கள். இரண்டு வருடத்தில் இருபத்து மூன்று மோதிரங்களை உரியவர்களிடம் சேர்த்தேன். என் நம்பர் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. பெருமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், அருவருப்பாகத்தான் இருந்தது. கரையோரச் சேற்றை ஒரு சாண் கிளறிப் பார்த்தவனுக்கு மனிதர்கள் மேல் மரியாதை வராது. எச்சில் தட்டு, குழந்தையின் அரைஞாணோடு சேர்த்துச் சுற்றிய துணி, பாதி கரைந்த சாமி பொம்மையின் கம்பி, பூட்டிப் போட்ட பூட்டுகள். இதுவரை நாற்பத்தொரு பூட்டு எடுத்திருக்கிறேன், யார் வாயைக் கட்ட எவர் போட்டதோ, ஒன்றுக்கும் சாவி கிடையாது. முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் தோண்டுவேன், வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போடுவேன்.

மாசிக் கடைசியில் ருக்மணி என்ற பெண் பெருந்துறையிலிருந்து போன் செய்தாள். ஐம்பது வயதிருக்கும், புருஷன் அங்கே தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். மறுநாளே அண்ணன் துரைசாமியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் வடவள்ளிப் பக்கம் கொஞ்சம் தோப்பும் ஒரு சிமெண்டுக் கல் பட்டறையும் வைத்திருப்பவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். இருவரும் ஒரே சோபாவில், நடுவில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு, ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"எங்கப்பாவோட மோதிரமுங்க சார். பேரூர்ப் படித்துறையில போயிருச்சுன்னு எங்கண்ணன் சொல்றாருங்க" என்றாள். 'சொல்றாருங்க' என்பதை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

விஷயம் இதுதான். இவர்களுடைய அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார், பார்த்துக்கொண்டது மகள். கடைசியில் பேச்சு குழறுகிற நிலையில் கையைத் தூக்கிக் காட்டி, இந்த மோதிரம் ருக்குவுக்கு என்று அவர் சொன்னதை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். போன பிறகு விரலிலிருந்து கழற்றிய மோதிரம் மகனிடம் இருந்தது. சாம்பல் கரைத்துக் காரியம் செய்யப் போன அன்று அதைத் தன் விரலில் போட்டுக்கொண்டதாகவும், அதற்கு மேலேதான் தர்ப்பைப் புல்லில் முடிந்த மோதிரத்தைக் காரியம் செய்து வைப்பவர் மாட்டியதாகவும், கடைசியில் தர்ப்பையைக் கழற்றித் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போடு என்றபோது தங்கமும் சேர்ந்து ஆற்றுக்குப் போய்விட்டதாகவும் துரைசாமி சொன்னான்.

"எனக்கு அது லூசுங்க. அப்பன் வெரலு தடிமனு. ஊட்டுக்கு வந்து சோறு திங்க உக்காந்தப்பத்தான் பாத்தனுங்க, கையில இல்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சரோஜா அவனுக்கு இன்னொரு காபி கொடுத்தாள். வாங்கிக் குடித்தான். அந்த இரண்டாவது காபியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் தெரியும்.

ருக்மணி அவன் பக்கம் திரும்பாமலே என்னிடம் பேசினாள். "படித்துறைக்குப் பொம்பளைங்க ஆரும் போகலீங்க. இவரு சொல்றதுதானுங்க. எனக்குத் தங்கம் பெருசில்லீங்க சார், எங்கப்பா வாயத் தொறந்து கடைசியாச் சொன்ன ஒரு வார்த்தைங்க அது. வைகாசியில பையனுக்குக் கண்ணாலம், அப்பா இருக்கறப்பவே முடிவு பண்ணுனது. மோதிரம் கெடைச்சா தாய்மாமன் வந்து சீர் செய்யட்டும். கெடைக்கலீன்னா எனக்குக் கூடப்பொறந்தவனே இல்லீன்னு நெனச்சுக்கறேன். பெரியப்பா பையன நிறுத்திச் சீரு செஞ்சுக்கறேன்."

தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவனைச் சபையில் நிறுத்துவது என்றால் அது செத்ததற்குச் சமம், எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துரைசாமி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். மோதிரத்துக்கு அடையாளம் கேட்டேன். உள்பக்கம் அரத்தால் இழுத்த மாதிரி மூன்று கோடு, மேலே ஒரு நெளிவு, அப்பா உழவு காலத்தில் நுகத்தடியில் இடித்துக்கொண்டது. எடையும் அகலமும் தெரியவில்லை. குறித்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு சரோஜா சொன்னாள், "ஏனுங்க, குளத்துல பொறுக்குனது பத்தாதுன்னு இப்ப கருமாதித் தண்ணிக்கும் போகோணுமாக்கும்?"

"நாலு நாள் நடைதான அம்மணி."

"நடந்துட்டு வாங்க, வந்து அந்தக் கையோட என்ர சமையல் ரூமுக்குள்ள மட்டும் வந்துராதீங்க."

பங்குனியில் நொய்யல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விவரிக்க வேண்டாம். தெரியாதவர்களுக்கு, அதை ஆறு என்று சொல்ல மனம் வராது. படிகளுக்குக் கீழே அங்கங்கே தேங்கிய குட்டை, அதன் மேல் பச்சையும் கறுப்புமாக ஒரு தோல். அந்தத் தோலுக்குள் வெட்டிய முடி, பிளேடு, உரித்துப் போட்ட வேட்டி, ஊறி உப்பிய சோற்று உருண்டைகள். வேட்டியைக் கம்பால் தூக்கினால் அடியில் இன்னொரு வேட்டி. முதல் நாள் மட்டும் பதினேழு வேட்டிகளை ஒதுக்கினேன். எண்பத்தாறு இடத்தில் கருவி கூவியது, எண்பத்தாறையும் தோண்டினேன். அதில் ஒன்று ஒரு செட் பொய்ப்பல், கம்பிக்குக் கூவியிருக்கிறது. அதன் இடுக்கில் இன்னும் ஏதோ இருந்தது. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

துரைசாமி படியில் நின்று இடம் காட்டுவான், ருக்மணி குடை பிடித்து நான்கு படி மேலே உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் படிக்கு இடது பக்கம் என்று காட்டினான். இரண்டாம் நாள் வலது பக்கம். மூன்றாம் நாள் காலையில் நடுவில். பம்பு உதிரிகளுக்குச் சான்றிதழ் கொடுத்த புத்தி எனக்கு, மூன்று நாளில் மூன்று அளவு சொல்பவனைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும். "தம்பி, நீங்க நின்ன இடம் மாறாதல்ல, விழுந்த இடம் மட்டும் எப்படிப்பா நடந்து போகுது?" என்று கேட்டேன்.

"அழுதுக்கிட்டு இருந்தனுங்க, எங்க நின்னனோ. திரும்பிப் பாக்கப்படாதுன்னாங்க, பாக்கலீங்க" என்றான்.

மேலேயிருந்து ருக்மணி குடையை மடக்கினாள். "விடுங்க சார், போதும். வெயில்ல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவமும் எனக்கா. இருந்தாத்தானுங்க கெடைக்கும்." எழுந்து செருப்பை மாட்டினாள். அண்ணனைப் பார்த்து அந்த மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினாள். "கண்ணாலப் பத்திரிகையில உன்ர பேரு போடலண்ணா. அடிக்கக் குடுக்கச் சொல்லிர்றேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு குடும்பம் காரியத்துக்கு உட்கார்ந்திருந்தது, அவர்கள் மூன்று பேர், செய்து வைப்பவர், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விறுவிறுவென்று இறங்கினான், குட்டையில் கையை விட்டு அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினான். எனக்கே கூசியது.

"இந்தத் தண்ணி மேல சத்தியமா, எங்கப்பன் மேல சத்தியமா, அங்கதான் உளுந்துச்சு, போதுமா?" என்று சொல்லி, காக்கையை விரட்டுகிற மாதிரி, பார்க்காமலே கையை உதறினான். தண்ணீர் தெறித்த திசையில் ஒரு கறுத்த கல் இருந்தது. அந்தக் கல்லைச் சுற்றி நான் முந்தின நாள் கருவியை வீசியிருந்தேன். நோட்டில் இருக்கிறது, கறுப்புக் கல், சுற்றிலும் நான்கு அடி, ஒன்றும் இல்லை.

அவளுக்காகத்தான் மறுபடி போனேன். வட்டைக் கல்லருகே வைத்ததும் கூவியது. திரையில் ஐம்பத்தெட்டு. திருப்பி வீசினேன், ஐம்பத்தெட்டு. எந்தப் பக்கமிருந்து வீசினாலும் ஓர் எண்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. இரண்டு வருடத்தில் நான் அப்படி ஒரு சீரான சத்தத்தைக் கேட்டதில்லை. மணி பதினொன்று நாற்பது.

ஒரு சாண் ஆழத்தில் கை எதையோ தொட்டது. கையுறையோடு பிடிபடவில்லை, வழுக்கியது. வலது கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் துழாவினேன், இதைச் செய்திருக்கவே கூடாது. வெளியே வந்தது மோதிரம்தான், ஆனால் வெறும் மோதிரம் இல்லை. அதன் மேல் தர்ப்பை முடிந்திருந்தது. காரியம் முடிந்து நாற்பத்தோரு நாள் சேற்றில் கிடந்த புல், காலையில் பறித்த மாதிரி பச்சையாக, முடிச்சு அவிழாமல். மோதிரத்துக்கு உள்ளே எதுவோ அடைத்திருந்தது. விரல் தடிமனுக்கு, வெளுத்து, ஊறிய வாழைத்தண்டுத் துண்டு மாதிரி. வாழைத்தண்டுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாழைத்தண்டுக்குக் கணு கிடையாது. இதில் இரண்டு இருந்தன. கையை உதறினேன், அது மோதிரத்திலிருந்து நழுவிக் குட்டையில் விழுந்தது, மேலே இருந்த பச்சைத் தோல் திறந்து மூடிக்கொண்டது. நான் குனிந்து பார்க்கவில்லை.

அடுத்து நான் செய்தது பழக்கத்தால் செய்தது. கிடைத்த மோதிரம் ஈரக் கையிலிருந்து மறுபடி நழுவி விழுவதுதான் இந்த வேலையில் பெரிய எரிச்சல், அதனால் கிடைத்த நொடியே உன் விரலில் மாட்டிக்கொள் என்று மகன் சொல்லிக் கொடுத்திருந்தான். இருபத்து மூன்று தடவை அப்படித்தான் செய்திருக்கிறேன். தர்ப்பையோடு சேர்த்து வலது மோதிர விரலில் மாட்டிக்கொண்டேன். சேற்றிலிருந்து எடுத்த எதுவும் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. டவுன் பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோன சீட்டில் உட்கார்ந்தால் ஒரு சூடு தெரியுமே, அந்தச் சூடு.

படியேறி வந்து கையை நீட்டினேன். ருக்மணி பார்த்தாள், நெளிவைத் தொட்டாள். கழற்றப் போனால் வரவில்லை. மாட்டும்போது சுலபமாக ஏறியது, இப்போது கணுவைத் தாண்டவில்லை. அவள் ஓடிப்போய்க் கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்து விரலில் ஊற்றினாள். தர்ப்பை முதலில் வந்தது, அருவருப்பில் அதை அப்படியே பின்பக்கமாக வீசினேன். பிறகு மோதிரம் தோலை உரித்துக்கொண்டு வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், விரலில் பதினோரு நிமிடம் இருந்திருக்கிறது.

மூன்று கோடும் இருந்தன. ருக்மணி அதை நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அண்ணன் கையைப் பிடித்தாள். "நாந்தாண்ணா உன்னையத் தப்பா நெனச்சுப்போட்டேன். மன்னிச்சுக்கண்ணா. நீ வந்து சபையில நில்லு."

துரைசாமி அவளைப் பார்க்கவில்லை, மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். பாசத்தில் இப்படியும் ஆகும் என்று பக்கத்துக் குடும்பத்தில் ஒருவர் சொன்னார்.

ருக்மணி பஸ் ஏறிப் போன பிறகு என்னை வீட்டில் விட அவன் காரில் ஏற்றிக்கொண்டான். பாதி வழியில், ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னான், "சார், அந்த மோதிரம் என்ர ஊட்டுல இருக்குதுங்க."

"எந்த மோதிரம்?"

"அப்பன் மோதிரமுங்க. அத நான் படித்துறைக்குக் கொண்டே போகலீங்க. பீரோவுக்குள்ள வெச்சிருக்கறனுங்க. தண்ணியில போச்சுன்னு நாஞ் சொன்னது பொய்யிங்க."

எனக்குச் சிறிது நேரம் புரியவில்லை. புரிந்ததும் முதலில் வந்தது பயமில்லை, அருவருப்பு. மூன்று நாள் என்னைப் பிணத் தண்ணீரில் குனிய வைத்தவன், இல்லாத ஒன்றுக்கு இடம் காட்டியவன், என் வீட்டில் கண்ணைத் துடைத்து இரண்டாவது காபி வாங்கிக் குடித்தவன். ஏன்ப்பா என்று கேட்டேன். "எட்டு மாசம் நானுந்தான் செலவு பண்ணுனேன், பாத்தேன். எனக்குன்னு ஒண்ணும் சொல்லலீங்களே அப்பன். ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றான். அறையலாம் போல் இருந்தது, அதே சமயம் அந்தக் குரலைக் கேட்கவும் பிடிக்கவில்லை.

அவன் வீட்டுக்குப் போனோம். பீரோவின் உள்லாக்கர் சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது. அப்பாவின் பிரஷர் மாத்திரை இருந்த பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் மஞ்சள் துணி முடிப்பு, மூன்று முடிச்சு. தன் கையால் போட்ட முடிச்சுதான், அன்றிலிருந்து தொடவில்லை என்றான். டப்பா உலர்ந்திருந்தது, துணியின் வெளிப்பக்கமும் உலர்ந்திருந்தது. இரண்டு முடிச்சை அவிழ்த்துவிட்டு என்னிடம் நீட்டினான், மூன்றாவதை நான்தான் அவிழ்த்தேன்.

உள்ளே ஒரு கைப்பிடி சேறு. ஈரமாக, கறுப்பாக, மூன்று நாளாக என் மூக்கில் இருந்த அதே நாற்றத்தோடு. அதில் மழித்த நரைமுடி ஒட்டியிருந்தது. மோதிரம் இல்லை.

அவன் மனைவி சமையலறையிலிருந்து, "என்னங்க அது நாத்தம், எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று துரைசாமி சொன்னான். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது, ருக்மணிக்கும் தெரியாது. சொல்ல வேண்டாம் சார் என்று என் காலில் விழுந்தான். அவனுக்காக இல்லை, ருக்மணி அழுத அழுகைக்காகச் சம்மதித்தேன். இங்கேயும் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பேத்தி முறையில் ஒரு பெண் கட்டாயப்படுத்தி எங்களை ஒரு பெரிய ஷாப்பிங் மாலுக்குக் கூட்டிப் போனாள். வாசலில் செக்யூரிட்டி கையடக்கக் கருவியை என் மேல் தடவினார். வலது கையருகே கத்தியது. "மோதிரத்தக் கழட்டிட்டு வாங்க சார்" என்றார், கையைப் பார்க்காமலே. வெறுங்கையைக் காட்டினேன். நான் வாழ்நாளில் மோதிரம் போட்டவன் இல்லை. லேத்தில் மாட்டி விரலை இழந்த இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன், கம்பெனியில் மோதிரத்தோடு உள்ளேயே விட மாட்டார்கள். அவர் திருப்பித் தடவினார், அதே விரலில் மறுபடி கத்தியது. மிஷின் ரிப்பேருங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மகன் கொடுத்ததை எடுத்து, தரையில் கிடத்தி, ஸ்விட்சைப் போட்டு வட்டின் மேல் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினேன். இடது கை ஐந்துக்கும் சத்தமில்லை. வலது கையில் நான்குக்குச் சத்தமில்லை. மோதிர விரலுக்கு ஐம்பத்தெட்டு. முப்பது தடவை செய்து பார்த்தேன், முப்பது தடவையும் ஐம்பத்தெட்டு. எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வயசானா இப்படி ஏதாவது தோணுமுங்க என்றும் சொன்னார்.

படித்துறைக்குப் போய், காரியம் செய்து வைக்கிற அந்த மனிதரிடம் மட்டும் கேட்டேன். அன்று அவர் பக்கத்தில்தான் இருந்தார். முழுவதும் சொல்லவில்லை, மோதிரத்தோடு வந்த தர்ப்பையை நான் விரலில் போட்டுக்கொண்டதை மட்டும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கழட்டும்போது முடிச்ச அவுத்துத்தானுங்க போட்டீங்க? அவுத்துப் போட்டாத்தான் காரியம் முடிஞ்சதா அர்த்தம்" என்றார். இல்லை, அப்படியே வீசிவிட்டேன் என்றேன். அவர் என் கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு வெற்றிலையை வாயில் போடாமல் கீழே வைத்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். இன்னும் இரண்டு தடவை போனேன், என்னைக் கண்டதும் படியின் மறுபக்கம் போய்விடுகிறார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ருக்மணி நேரில் வந்து அழைத்ததால் போனேன். துரைசாமி பட்டு வேட்டியில் சபை நடுவே நின்றான், தாய்மாமன் சீர் குறைவில்லாமல் நடந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசியதைப் பார்த்தேன். பொய் சொன்னவன் நன்றாக இருக்கிறான், ஐந்து கிலோ ஏறியிருப்பான். என்னைக் கண்டதும் ஓடி வந்து, "சாப்புட்டுத்தான் போகோணும் சார்" என்றான். பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. பிசையக் கையை நீட்டினேன், முடியவில்லை. அந்த விரல் என் விரலாகத் தோன்றவில்லை. வேறு யாரோ என் சோற்றில் கை வைக்கிற மாதிரி இருந்தது. பாயசத்துக்கு வைத்திருந்த ஸ்பூனை எடுத்து இடது கையால் நான்கு வாய் சாப்பிட்டேன். பக்கத்து இலைக்காரர் என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

மேடையில் குடத்துத் தண்ணீரில் மோதிரம் போட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் தேடி எடுக்கிற சடங்கு. ருக்மணி தன் அப்பாவின் மோதிரத்தையே கழற்றிப் போட்டாள். முதல் தடவை பெண் எடுத்தாள், இரண்டாவது தடவை மாப்பிள்ளை. மூன்றாவது தடவை இரண்டு கையும் உள்ளே போயின, துழாவின, வரவில்லை. "ஒரு சாண் தண்ணியில எங்கடா போயிருக்கும்" என்று சிரித்தார்கள். யாரோ ஒருவர், அந்தப் பெரியவர் மிஷினு வெச்சிருக்காரு, கூப்புடுங்க என்றார். அப்போது என் விரலில் அந்தச் சூடு வந்தது, பஸ் சீட்டுச் சூடு, கணுவுக்குக் கீழே வளையமாக. துரைசாமி குடத்தைப் பார்க்காமல் கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தான். நான் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் ருக்மணி போன் செய்தாள். "எதுக்குங்க சார் சொல்லாமப் போயிட்டீங்க? மோதிரம் கெடைச்சிருச்சுங்க, குடத்தக் கவுத்தப்ப அடியிலயே இருந்துச்சு. ஆனா தண்ணி எல்லாம் ஒரே சேறுங்க. நல்ல தண்ணிதான் ஊத்துனோம். எந்தக் குறும்புக்காரன் வேலையோ." எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "நீங்க அந்தப் பக்கம் வண்டி ஏறிப் போன பொறவுதானுங்க."

இப்போதெல்லாம் நான் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன், இடது கையால். வாத வலி என்று சரோஜாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நான் இடது கையால் தின்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தினமும் காலையில் ஒரு முறை வட்டின் மேல் விரலை நீட்டிப் பார்க்கிறேன். இன்று காலையும் ஐம்பத்தெட்டு, பேட்டரி தீர்ந்து புதிதாக மாற்றிய அன்றும் ஐம்பத்தெட்டு.

நான் போனால் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அதே படித்துறையில்தான் கரைப்பான். கரைப்பதற்கு முன் சாம்பல் சொம்பின் மேல் அந்தக் கருவியை ஒரு தடவை வைத்துப் பார் என்று அவனிடம் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன், சொல்லவில்லை. அதில் ஒன்றும் இல்லாமல் போய், நான் பைத்தியக்காரன் என்று அவன் நினைத்தால் பரவாயில்லை. கூவிவிட்டால் அவன் கையை விட்டுத் தேடுவான். அதனால் போன வாரம் போனில் ஒன்றே ஒன்று மட்டும் சொன்னேன். என்னப்பா திடீரென்று என்று கேட்டான். ஒன்றுமில்லை, நினைவில் வைத்துக்கொள், அன்றைக்குத் தர்ப்பையைக் கழற்றும்போது முடிச்சை அவிழ்த்துப் போடு என்றேன்.